பாதியும் பாதியில் பாதியும்: கதிரியக்கம் பற்றி மலை வாசகர்கள் கேட்டவை

ஒரு கதிரியக்கப் பொருளில் இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலமே அதன் அரை ஆயுட்காலம் என்று சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குளிரில் பால் சீக்கிரம் கெடுவதில்லை, மாவு புளிப்பதில்லை. ஊட்டிக் குளிரில் கதிரியக்கச் சிதைவும் மெதுவாகுமா?
— வாசகர், உதகமண்டலம்

ஆகாது. மாவு புளிப்பது வேதிவினை. வெப்பம் குறைந்தால் மூலக்கூறுகளின் ஓட்டம் குறையும், வினையும் மெதுவாகும். கதிரியக்கச் சிதைவோ அணுக்கருவுக்குள் நடப்பது. அறை வெப்பநிலையில் ஓர் அணுவுக்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 0.025 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அணுக்கருவில் புழங்கும் ஆற்றலோ 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் இருக்கும். 4 கோடி மடங்கு வித்தியாசம் இருக்கும்போது, ஜனவரி மாத உறைபனியும் மே மாத வெயிலும் அணுக்கருவுக்கு ஒன்றுதான். அதனால் ஸ்கேனுக்கு வந்த மருந்துக் குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்து அதன் கதிரியக்கத்தை மிச்சம் பிடிக்க முடியாது. பெரிலியம்-7 போன்ற ஒன்றிரண்டு ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்) தம்மைச் சுற்றியுள்ள எலெக்ட்ரானை உள்ளே இழுத்துச் சிதைபவை. அவற்றில் மட்டும் வேதிச் சூழல் மாறினால் 1 சதவீதம் அளவுக்கு வேறுபாடு தெரியும். அன்றாடக் கணக்கில் அது பொருட்டல்ல.

ஆனால் ஆயுள் நீள்வதைப் பார்க்க உங்கள் ஊரை விட்டு வெளியே போக வேண்டாம். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே கிரேப்ஸ்-3 என்ற அமைப்பில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி ஒன்று உண்டு. மியூவான் என்பது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள். அதன் அரை ஆயுள் ஒரு நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கைப் போல் 1.52 மடங்கு, அதாவது 1.52 மைக்ரோநொடி. 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்து, 2,200 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டிக்கு வர, ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் 43 மைக்ரோநொடி ஆகும். அது 28 அரை ஆயுள். 2-ஐ 28 தடவை பெருக்கினால் ஏறக்குறைய 27 கோடி. அப்படியானால் 27 கோடி மியூவானில் ஒன்றுதான் உயிரோடு வந்து சேர வேண்டும். உண்மையிலோ கடல்மட்டத்தில்கூட ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுந்துகொண்டே இருக்கிறது. காரணம், ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் போகும் துகளின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. 4 ஜிகா (400 கோடி) எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மியூவானுக்கு 38 மடங்கு மெதுவாக. நமது 43 மைக்ரோநொடி அதற்கு 1.1 மைக்ரோநொடிதான், ஓர் அரை ஆயுள்கூட இல்லை. வழியில் இழக்கும் ஆற்றலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 100-க்கு 60 வந்துவிடும்.

அரை ஆயுள் 8 நாள் என்றால் 16 நாளில் முழுதும் தீர்ந்துவிட வேண்டும்தானே? கணக்கை எளிதாகப் போட வழி உண்டா?
— பிளஸ் டூ மாணவி, குன்னூர்

தேர்வுத் தாளில் ஆண்டுதோறும் தென்படும் தவறு இது. முதல் 8 நாளில் பாதி போகும். அடுத்த 8 நாளில் போவது ஆரம்பத்தில் இருந்ததில் பாதியல்ல, மிச்சம் இருப்பதில் பாதி. 16-ஆம் நாள் 25 சதவீதம், 24-ஆம் நாள் 12.5 சதவீதம், 7 அரை ஆயுள் கழிந்தால் 0.8 சதவீதம், 10 கழிந்தால் 1,024-ல் ஒரு பங்கு.

செல்போனைப் படுக்கவைத்தால் கால்குலேட்டர் அறிவியல் கால்குலேட்டராக மாறும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், ஆன காலத்தை அரை ஆயுளால் வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு 0.5-க்கு அந்த எண்ணை அடுக்காகப் போடுங்கள். 8 நாள் அரை ஆயுள், 20 நாள் ஆகிவிட்டது என்றால் 20 ÷ 8 = 2.5. 0.5-இன் 2.5 அடுக்கு 0.177. மிச்சம் 17.7 சதவீதம். வயது தெரிய வேண்டுமானால் தலைகீழ்: ஆரம்ப அளவை மிச்ச அளவால் வகுத்து மடக்கை எடுத்து, அதை 2-இன் மடக்கையால் (0.3010) வகுத்து, அரை ஆயுளால் பெருக்குங்கள்.

மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, காலம் மணியிலும் அரை ஆயுள் நாளிலும் இருப்பதைக் கவனிக்காமல் வகுப்பது. இரண்டு, மேலே 10 அடிமான மடக்கையும் கீழே இயல் மடக்கையும் எடுப்பது; இரண்டும் ஒரே வகையாக இருந்தால் எதுவானாலும் விடை ஒன்றே. மூன்று, கேள்வி "சிதைந்தது எவ்வளவு" என்று கேட்க, விடையில் மிச்சத்தை எழுதிவிட்டு வருவது.

"10 அரை ஆயுள் ஆனால் போதும்" என்று ஆஸ்பத்திரிக் கழிவுக்கு ஒரு வாய்மொழிக் கணக்கு உண்டு. 6 மணி நேர அரை ஆயுளுள்ள ஸ்கேன் மருந்தான டெக்னீசியத்துக்கு 60 மணி, 8 நாள் அரை ஆயுளுள்ள தைராய்டு மருந்தான அயோடினுக்கு 80 நாள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின் 80 நாளுக்குப் பிறகும் நொடிக்கு 36 லட்சம் சிதைவு என்ற அளவில் மிஞ்சும். ஆயிரத்தில் ஒரு பங்கு சின்னதா பெரியதா என்பது எதிலிருந்து தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் கழிவை வெளியே விடுமுன் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள்.

அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய். அறுவைக்குப் பிறகு கோவையில் 100 மில்லிகியூரி அயோடின்-131 கொடுக்கப் போகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவார்களாம். 8 நாள் அரை ஆயுள் உள்ள மருந்தோடு இவ்வளவு சீக்கிரம் எப்படி அனுப்புகிறார்கள்? வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது.
— வாசகர், கோத்தகிரி

8 நாள் என்பது குப்பியில் இருக்கும் அயோடினுக்கு. உடம்புக்குள் போனால் இன்னொரு கடிகாரமும் சேர்ந்து ஓடுகிறது: சிறுநீர், வியர்வை, எச்சில் வழியாக உடம்பு அதை வெளியேற்றும் வேகம். இரண்டும் சேர்ந்ததே செயல்படு அரை ஆயுள். கணக்கு இது: இரண்டு அரை ஆயுளையும் பெருக்கி, அவற்றின் கூட்டலால் வகுக்க வேண்டும். ஆரோக்கியமான தைராய்டு அயோடினைப் பிடித்து வைத்திருக்கும் அரைக்காலம் 80 நாள் என்று வையுங்கள். 8 × 80 = 640, அதை 88-ஆல் வகுத்தால் 7.3 நாள். தைராய்டுக்கு வெளியே ரத்தத்தில் சுற்றும் அயோடினோ சிறுநீரில் வேகமாகப் போய்விடும். அதற்குச் செயல்படு அரை ஆயுள் 8 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

சுரப்பியை அகற்றியவருக்குப் பிடித்து வைக்கத் திசு அதிகம் இல்லை. பாதுகாப்புக் கணக்குகளில் வழக்கமாக எடுத்துக்கொள்வது இது: 95 சதவீதம் வேகமாகப் போகும் கூட்டம், 5 சதவீதம் தங்கும் கூட்டம். 2 நாளுக்குப் பின் முதல் கூட்டத்தில் மிஞ்சுவது மொத்தத்தில் 1.3 சதவீதம், இரண்டாவதில் 4.1. கூட்டினால் 5.4 சதவீதம். வெறும் 8 நாள் கணக்கைப் போட்டிருந்தால் 84 சதவீதம் என்று வந்திருக்கும். உங்களுக்கு வந்த சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு 10 மில்லிகியூரி போலக் கொடுத்து அன்றே அனுப்புவார்கள். "அவருக்குக் கொஞ்சம்தானே" என்று பலரும் அலட்சியமாக இருப்பது அங்கேதான். அவரிடம் சுரப்பி முழுதாக இருக்கிறது, 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும், செயல்படு அரை ஆயுள் 5.2 நாள். 2 நாளில் அவரிடம் மிச்சம் 6.2 மில்லிகியூரி. 100 வாங்கிய உங்கள் அக்காவிடம் 5.4. பத்து நாளில் இருவரிடமும் 2 மில்லிகியூரி அளவில்தான் நிற்கும். இவை சராசரிக் கணக்குகள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு வெளியேற்றம் மெதுவாகும், மலச்சிக்கல் இருந்தாலும் தங்கும். அக்காவை அனுப்பும்போது மீட்டர் வைத்து அளந்து, எத்தனை நாள் எப்படி இருக்க வேண்டும் என்று தாளில் எழுதித் தருவார்கள். எங்கள் எண்ணை விட அந்தத் தாளே உங்களுக்குப் பெரிது.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதலிடம் தூரத்துக்கு. 1 மீட்டரில் இருப்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் விழும் கதிர்வீச்சு கால் பங்காகும். 8 நாள் கணக்கில் அது 16 நாள் காத்திருப்பதற்குச் சமம். ஒரு நாற்காலியை நகர்த்துவதில் கிடைத்துவிடுகிறது. குழந்தையை மடியில் வைப்பது, கூடப் படுக்க வைப்பது இரண்டும் தாளில் சொன்ன நாள் வரை கூடாது. முடிந்தால் குழந்தையைப் பாட்டி வீட்டில் விடுங்கள். கோவையிலிருந்து கோத்தகிரிக்குக் கூட்டமான பேருந்தில் இரண்டரை மணி நேரம் ஒருவரை ஒட்டி உட்கார்ந்து வருவதை விட, காரில் ஓட்டுநருக்குக் குறுக்கு மூலையில் பின்சீட்டில் வருவது நல்லது. கர்ப்பிணிகள் அந்தக் காரில் வேண்டாம்.

தட்டு, டம்ளர், துண்டு, தலையணை உறை தனி. துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், உட்கார்ந்தே போக வேண்டும், இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் பொதுக் கழிப்பறைதான் என்றால் சிகிச்சைக்கு முன்பே அதை ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள். இன்னும் ஒரு நாள் வைத்திருந்து அனுப்புவது உண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்களே அதிகம். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் சிகிச்சைக்குப் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி தொடரக் கூடாது. பெண்கள் அடுத்த 6 மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். விரைவில் விமானப் பயணம் போக வேண்டியிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். விமான நிலையக் கருவிகள் மிகச் சிறிய அளவுக்கும் கத்தும்.

தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது துரை கொடுத்த அலாரம் டைம்பீஸ் இருக்கிறது. முன்பு இருட்டில் பச்சையாக ஒளிருமாம். இப்போது ஒளிர்வதில்லை. கதிரியக்கம் தீர்ந்துவிட்டதா? சுத்தம் செய்து தரட்டுமா என்று கடைக்காரர் கேட்கிறார்.
— வாசகி, வெலிங்டன்

கொடுக்காதீர்கள். ஒளி போனதே தவிர கதிரியக்கம் போகவில்லை. அந்தக் காலத்து முகப்பு வர்ணத்தில் ரேடியம்-226-உம் துத்தநாக சல்பைடும் கலந்திருக்கும். ரேடியம் கதிரை வீசும், சல்பைடு அதை வாங்கி ஒளிரும். 1950-இல் பூசியது என்றால் 75 ஆண்டில் எவ்வளவு போயிருக்கும்? ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. 75 ÷ 1,600 = 0.047. மிச்சம் 97 சதவீதம். இடைவிடாமல் அடி வாங்கிய சல்பைடுப் படிகம் சில பத்தாண்டுகளிலேயே பழுதாகிவிட்டது, அவ்வளவுதான். ஒளிராததால் பாதுகாப்பு என்று எண்ணுவது இதில் உள்ள பெரிய பொறி.

கண்ணாடி மூடியிருக்கும்வரை அலமாரியில் இருப்பதால் பெரிய தீங்கில்லை. தலைமாட்டில் வேண்டாம். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் பூட்டியும் வைக்க வேண்டாம், ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிந்துகொண்டே இருக்கும். ஆபத்து திறக்கும்போதுதான். காய்ந்த வர்ணம் மாவாக உதிரும். அதை மூச்சில் இழுத்தாலோ விரலோடு வாய்க்குப் போனாலோ ரேடியம் கால்சியத்தின் வழியைப் பிடித்து எலும்பில் போய் உட்காரும். கடைக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். பழைய முள்ளைச் சுரண்டிப் புது வர்ணம் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முகப்பில் 6 மணிக்குக் கீழே "ஸ்விஸ்" என்ற சொல்லின் பக்கத்தில் ஆங்கில எழுத்து "டி" இருந்தால் அது ட்ரிட்டியம் (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன்) பூசிய பிற்காலக் கடிகாரம். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1970-இல் பூசியதில் இன்று 5 சதவீதத்துக்கும் குறைவே மிச்சம். அதில் ஒளி போனதற்குச் சிதைவே முக்கியக் காரணம் என்று சொல்லலாம். இன்று பைக்குக்கு வெட்டி ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் துளியும் கிடையாது, அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் தாள்.

ஊட்டி உருளைக்கிழங்கில் கதிரியக்கம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
— வாசகர், கேத்தி

எல்லா ஊர் உருளையிலும் உண்டு. பொட்டாசியத்தில் ஏறக்குறைய 10,000 அணுவுக்கு ஒன்று வீதம் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு 31 அணு சிதையும். ஒரு கிலோ கிழங்கில் ஏறக்குறைய 4 கிராம் பொட்டாசியம் இருப்பதால் நொடிக்கு 130 சிதைவு. அதைச் சாப்பிடுபவர் உடம்பிலேயே நொடிக்கு 4,000-க்கு மேல் நடக்கிறது. அதிகப்படிப் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுவதால் இந்த அளவு கூடிக்கொண்டே போகாது. போண்டா போடுங்கள்.

கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிறோம். பழைய புகை உணரிகளின் பின்புறம் கதிரியக்கச் சின்னம் இருக்கிறது. 10 ஆண்டு ஆகிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். கதிரியக்கம் தீர்ந்துவிட்டதாலா?
— வாசகர், கொடைக்கானல்

அதனால் அல்ல. உள்ளே இருப்பது அமெரிசியம்-241. ஒரு மைக்ரோகியூரிக்கும் (மில்லிகியூரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான பொட்டு. அரை ஆயுள் 432 ஆண்டு. 10 ஆண்டில் 1.6 சதவீதம்தான் குறையும். அந்தப் பொட்டு வீசும் ஆல்பா கதிர் காற்றை மின்னேற்றி ஒரு சிறு மின்னோட்டத்தை ஓடவைக்கிறது. புகை புகுந்தால் ஓட்டம் குறையும், மணி அடிக்கும். கெடுப்பதும் கெடுவதும் மற்றவை: உணரிக்குள் படியும் தூசி, சிலந்தி, மின்னணுப் பாகங்கள். உங்கள் ஊரில் கூடுதலாக மூடுபனி. ஜன்னல் திறந்த அறையில் ஈரம் உள்ளே படிந்து நள்ளிரவில் பொய்யாகக் கத்தும், விருந்தினர் பேட்டரியைக் கழற்றிவிடுவார், அதோடு காவல் போயிற்று. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். குளிர்காயும் அடுப்பு உள்ள அறைக்கு ஒளியால் உணரும் வகையே ஏற்றது. கணகணவென்று எரியும் தீயின் நுண்துகளுக்கு அமெரிசிய வகை சட்டென்று கத்திவிடும்.

கழற்றியதை உடைக்கவோ, குப்பையோடு எரிக்கவோ, பழைய இரும்புக் கடையில் போடவோ கூடாது. விற்ற நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அறைக்குள் கரிக்கங்குச் சட்டி வைத்து ஜன்னலைச் சாத்திப் படுப்பவர்களைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதைப் புகை உணரி கண்டுபிடிக்காது. அதற்குத் தனிக் கருவி வேண்டும், அதை விடச் சட்டியே வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் கல்திட்டைகள் (பலகைக் கல்லால் ஆன பழங்கால ஈமச் சின்னங்கள்) 5,000 ஆண்டுப் பழமை என்று ஒருவர் சொல்கிறார், 2,000 என்று இன்னொருவர். ஒரு துண்டுக் கல்லைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா?
— வாசகர், தாண்டிக்குடி

கல்லை அனுப்பிப் பயனில்லை. கார்பன்-14 முறை சொல்வது ஓர் உயிர் இறந்த காலத்தை. உயிரோடு இருக்கும்வரை தாவரமும் விலங்கும் காற்றிலுள்ள கார்பனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நிற்கும், இருந்த கார்பன்-14 மட்டும் 5,730 ஆண்டுக்குப் பாதி என்று குறையும். கல்லுக்கு இறப்பில்லை. தவிர, திட்டையை எழுப்பிய காலமும் பாறை உருவான காலமும் வேறு. தேவை அடியில் கலையாமல் இருக்கும் கரி, எலும்பு, தானியம். கல்லுக்கடியில் மூடுண்ட மணல் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று சொல்லும் ஒளியுமிழ்வு முறையும் உண்டு. இரண்டுக்கும் ஆய்வாளரே குழி திறக்க வேண்டும். நீங்களோ நானோ மண்வெட்டியோடு போனால் சான்று அழிந்தது என்று பொருள்.

உங்கள் மலையடிவாரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழு 2009-2010-இல் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடிக்குள் நெல் கிடைத்தது. அந்த நெல்லை முடுக்கி நிறை நிறமாலை முறையில் (கார்பன்-14 அணுக்களை நேராக எண்ணும் முறை) சோதித்ததில் பொ.ஆ.மு. (கி.மு.) 490 என்று காலம் வந்தது. நெல் இதற்கு மிகப் பொருத்தமான பொருள். ஓராண்டுப் பயிர், அறுத்த ஆண்டே அதன் இறப்பு. மரக்கரியாக இருந்தால் நூற்றாண்டு கண்ட மரத்தின் நடுவைரமோ என்ற சந்தேகம் வரும், அந்த நூறு ஆண்டும் கணக்கில் ஏறிவிடும்.

2,400 ஆண்டுப் பழைய நெல்லில் கார்பன்-14 ஏறக்குறைய 75 சதவீதம் மிச்சம் இருக்கும். ஆனால் கால்குலேட்டர் விடையை நேராக ஆண்டாக எழுதிவிட முடியாது. காற்றிலுள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் வயது தெரிந்த மர வளையங்களைக் கொண்டு வரைந்த திருத்த வளைகோட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. ஒரே அளவீட்டுக்குப் பல ஆண்டுகள் பொருந்தும். தமிழகத் தொல்லியலுக்கு மிக முக்கியமான நூற்றாண்டுகள் சரியாக அந்தத் தட்டையில் விழுவது நம் கெட்ட நேரம். ஒற்றை ஆண்டைச் சொல்லும் தலைப்புச் செய்தியை விட, "இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில், 95 சதவீத வாய்ப்பு" என்ற வரியையே தேடிப் படியுங்கள்.

அடுத்தது கலப்படம். மாதிரியில் 1 சதவீதம் புதுக் கார்பன், ஒரு புல்வேர் போல, கலந்துவிட்டது என்று வையுங்கள். 2,400 ஆண்டு நெல்லுக்கு விடை 28 ஆண்டுதான் பிசகும். 40,000 ஆண்டுப் பழையதில் மிச்சமே 0.8 சதவீதம்தான், அதில் 1 சதவீதம் சேர்ந்தால் விடை 33,300 என்று வரும், ஏறக்குறைய 6,700 ஆண்டு இளமை. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த புல்கரி (பாதி மக்கிய தாவரப் படிவு) அடுக்கில் வேலை செய்பவர்கள் வேரை ஊசியால் பொறுக்கி, அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறிக் கழுவுவது இதனால்தான். அந்த அடுக்குகளைக் கொண்டு சூழலியலாளர் ஆர். சுகுமார் குழு 1993-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் 20,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை எழுதியது. மனிதன் சோலைக் காட்டை அழித்துத்தான் புல்வெளி வந்தது என்ற பழைய வாதத்துக்கு அது பெரிய அடி. பனியூழிக் காலத்திலேயே இங்கே புல் இருந்திருக்கிறது.

கோத்தகிரியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலம் செடியிலிருந்து எடுத்ததா, ஃபேக்டரியில் செய்ததா? மணத்தில் வித்தியாசமே தெரியவில்லை.
— வாசகர், கூடலூர்

மூக்கு மட்டுமல்ல, சாதாரண வேதிச் சோதனையும் ஏமாறும். இரண்டிலும் இருப்பது அதே மீதைல் சாலிசிலேட் மூலக்கூறு. கார்பன்-14 பிரித்துவிடும். செடியின் கார்பன் நேற்றைய காற்றிலிருந்து வந்தது. ஃபேக்டரிச் சரக்கு பெட்ரோலியத்திலிருந்து வந்தது. அது பூமிக்கடியில் பல கோடி ஆண்டு கிடந்ததில் கார்பன்-14 முழுதும் தீர்ந்து பூஜ்யம். தைலம் பாட்டிலில் சில ஆண்டு கிடந்தாலும் சிதைவால் கணக்கு மாறாது, 100 ஆண்டில்கூட 1.2 சதவீதம்தான் குறையும். செடியில் இருக்க வேண்டிய கார்பன்-14-இல் 70 சதவீதம்தான் இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னால், கார்பனில் 30 சதவீதம் பெட்ரோலியம்.

கார்பனில் என்பதைக் கவனியுங்கள். கலந்தது அதே மூலக்கூறு என்றால் எடையிலும் 30 சதவீதமே. கலந்தது மினரல் ஆயில் என்றால் கணக்கு மாறும். அதில் எடைக்கு 85 சதவீதம் கார்பன், மீதைல் சாலிசிலேட்டில் 63 சதவீதம்தான். எடைக்கணக்கில் அப்போது கலப்படம் 24 சதவீதம். நீலகிரித் தைலத்துக்கு இந்தச் சோதனை அவ்வளவு கை கொடுக்காது. அதில் மலிவான கற்பூரத் தைலப் பகுதியைக் கலந்தால், அதுவும் மரத்திலிருந்து வந்ததே. கார்பன்-14 சரியாக இருக்கும், தைலம் மட்டும் பொய்யாக இருக்கும்.

ஒரு பாட்டில் வாங்குபவருக்குச் சோதனைச் செலவு கட்டாது. மொத்தமாக வாங்குபவர் சான்றிதழ் கேட்கலாம்.

அரை ஆயுளை வகுப்பில் செய்து காட்ட எளிய வழி சொல்லுங்கள். நாணயம் சுண்டுவது பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது.
— ஆசிரியை, பந்தலூர்

தாயம் ஆட உரசிய புளியங்கொட்டை நாணயத்தை விட நல்லது. 100 கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான கல்லில் வெள்ளை தெரியும்வரை உரசச் சொல்லுங்கள். டப்பாவில் குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே விழுந்ததை "சிதைந்தது" என்று எடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி எழுதி, மறுபடி குலுக்க வேண்டும். கொட்டை நாணயத்தைப் போலச் சமமாக விழாது. உரசிய பக்கம் தட்டையாகிவிடுவதால் ஒரு பக்கம் அதிகம் விழும். அதுவே இதன் அழகு, விடை முன்கூட்டித் தெரியாது. ஒரு வீச்சில் 100-க்கு 40 எடுபடுகிறது என்றால் மிச்சம் 0.6. 2-இன் மடக்கையை, 1 ÷ 0.6-இன் மடக்கையால் வகுத்தால் அரை ஆயுள் 1.36 வீச்சு.

பகடையில் 6 விழுந்ததை எடுப்பது இன்னொரு வழி. அங்கே மாணவர்கள் 0.693-ஐ 6-ஆல் பெருக்கி 4.16 வீச்சு என்பார்கள். சரியான விடை 3.80. 0.693 சூத்திரம் இடைவிடாமல் நடக்கும் சிதைவுக்கு உரியது. வீச்சு என்பது துண்டு துண்டாக நடப்பது, அதற்கு மடக்கை முறையே பொருந்தும்.

100 நாணயத்தில் முதல் வீச்சில் சரியாக 50 வராததைக் கண்டு பிள்ளைகள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைப்பார்கள். 45 முதல் 55 வரை வருவது இயல்பு. மிச்சம் பத்துக்கும் கீழே போனதும் எண்கள் தாறுமாறாகும், அந்தக் கடைசிப் புள்ளிகளை வைத்து அரை ஆயுளைக் கணக்கிட வேண்டாம். வகுப்பில் 8 குழு இருந்தால் எட்டின் எண்ணிக்கையையும் வீச்சுவாரியாகக் கூட்டி வரைபடம் போடுங்கள். கொட்டையை மட்டும் எல்லாக் குழுவும் ஒரே அளவு உரசியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு குழு விடாமுயற்சியாகத் தேய்த்துச் சப்பையாக்கியிருந்தால் அந்தக் குழுவின் அரை ஆயுளே வேறாக இருக்கும், அதை மற்றவற்றோடு கூட்டக் கூடாது.